குட்டை ரைஃபிளில் புது ஸ்கோப்: முதலில் பார்க்க வேண்டியது கண்ணின் தூரம்

டெக்சாஸில் வெள்ளைவால் மான் பொது சீசன் நவம்பர் மாதத்தின் முதல் சனிக்கிழமை தொடங்கும். அதற்குள் என் மனைவியின் ருகர் அமெரிக்கன் காம்பாக்ட் ரைஃபிளில் புது ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) பூட்டி ஜீரோ செய்துவிட (குறிக்கும் தோட்டா படும் இடத்துக்கும் பொருத்தம் வரும்படி சரிசெய்துவிட) வேண்டும் என்று இறங்கினேன். 7எம்எம்-08 தோட்டா, 18 அங்குலக் குழல். டெக்சாஸின் ஹில் கன்ட்ரி மேட்டுப்பகுதியில் சீடர் மரங்களுக்கு நடுவே சின்ன பிளைண்டுக்குள் (மானுக்குத் தெரியாமல் மறைந்திருக்கும் கூண்டு) உட்கார்ந்து திருப்புவதற்கு இந்தக் குட்டைத் துப்பாக்கி அவ்வளவு வசதி. பழைய ஸ்கோப் நீளமும் கனமும் கூடுதல். நாங்கள் போகும் இடத்தில் மான் பெரும்பாலும் 150 கஜத்துக்குள்தான் வரும் என்பதால் லூபோல்டின் 2-7×33 ஸ்கோப் ஒன்றை (2 முதல் 7 மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 33 மி.மீ.) வாங்கினோம்.

முதல் வேலை, போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் தண்டு) கழற்றி, சேம்பர் (தோட்டா உட்காரும் குழி) காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்ப்பது. தோட்டாப் பெட்டி அந்த அறையிலேயே இருக்கக் கூடாது.

ஸ்கோப்பைத் தாங்கத் துப்பாக்கியின் மேல் பூட்டியிருக்கும் ரெயிலின் திருகுகளைக் கழற்றி, எண்ணெய்ப் பிசுக்கு போக ஆல்கஹாலில் துடைத்து, திருகு தளராமல் பிடிக்கும் நீல லாக்டைட் பசை ஒரு துளி விட்டு மறுபடி முறுக்கினேன். ஸ்கோப்பைச் சுற்றிப் பிடித்து ரெயிலில் நிறுத்தும் ரிங்கின் மேல்மூடித் திருகுகளுக்கு நான் அதைப் போடுவதில்லை. ஈரமான திருகு சுலபமாக வழுக்கிச் சுழலும். டார்க் ரெஞ்சு (முறுக்கும் விசையை அளக்கும் கருவி) காட்டும் அளவை நம்பி முறுக்கினால் ஸ்கோப்பின் டியூப் நசுங்கிவிடலாம். ரிங்குகளை ரெயிலில் உட்கார்த்தும்போது பள்ளத்துக்குள் முன்பக்கமாகத் தள்ளி வைத்து முறுக்க வேண்டும். சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும், ஸ்கோப் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். ஏற்கனவே முன்னால் ஒட்டி இருந்தால் நகர இடம் இருக்காது.

அடுத்ததுதான் இந்த வேலையின் உயிர். காம்பாக்ட் ரைஃபிளில் தோளில் ஊன்றும் கட்டையின் நீளம், டிரிகரிலிருந்து பின்முனை வரை, 12.5 அங்குலம். சாதாரண ரைஃபிளில் 13.5 அங்குலத்துக்கு மேல் இருக்கும். கட்டை குறைந்த அளவுக்குக் கண் ஸ்கோப்பை நெருங்கிவிடும். துப்பாக்கியும் லேசு என்பதால் உதை கூடுதல். பெரிய ரைஃபிளில் பார்த்துப் பழகிய இடத்திலேயே ஸ்கோப்பைப் பூட்டினால் புருவம் கிழியும். அதனால் சுடப்போகிறவர் தோளில் வைத்துத்தான் இடம் பார்க்க வேண்டும். இது நானே என் கண்ணுக்கு வைத்துப் பார்க்கிற வேலை இல்லை.

மேல்மூடிகளை லேசாக மட்டும் பிடித்துவிட்டு, மனைவியிடம் கொடுத்தேன். காட்டுக்குப் போகும் தடித்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொள்ளச் சொன்னேன்; அதுவே தோளுக்கும் கட்டைக்கும் நடுவே அரை அங்குலம் எடுத்துக்கொள்ளும். உருப்பெருக்கத்தை 7-இல் வைத்தோம், ஏனென்றால் பெரிதாக்க ஆக்கக் கண்ணுக்குக் கிடைக்கும் தூரம் குறையும். கண்ணை மூடிக் கன்னத்தைக் கட்டையில் பதித்து, பிறகு திறந்து பார்க்க வேண்டும்.

"சுத்தி கறுப்பா வளையம் தெரியுதுங்க" என்றாள். கொஞ்சம் முன்னால் தள்ளினேன். "இப்ப?" "இன்னும் கொஞ்சம்... சரி, இப்ப முழுசா வெளிச்சமா இருக்கு." உட்கார்ந்தும், படுத்தும், மறுபடி பார்த்தோம். படுக்கும்போது தலை தானாக முன்னால் வரும், அதனால் இன்னும் ஒரு கால் அங்குலம் முன்னே போனது. இங்கேதான் நீளமான ரெயிலின் அருமை தெரியும். சின்ன ஸ்கோப்பில் ரிங் பிடிக்கக் கிடைக்கும் டியூப் குறைவு. ரெயிலில் பள்ளம் பல இருந்தால் முன் ரிங்கை ஒரு பள்ளம் தள்ளி வைத்துக்கொள்ளலாம்.

பின்பு குறுக்குக்கோட்டை நேராக்கும் வேலை. ரெயிலில் ரசமட்டம் வைத்துத் துப்பாக்கியை மட்டமாக்கி, தோட்டத்தின் கடைசியில் தூக்குக்குண்டு நூலைத் தொங்கவிட்டு, செங்குத்துக் கோட்டை நூலோடு ஒட்டி வைத்தேன். 5 பாகை சாய்வு 100 கஜத்தில் பெரிதாகத் தெரியாது, 300 கஜத்தில் ஏறக்குறைய 2 அங்குலம் பக்கவாட்டில் இழுத்துவிடும். மேல்மூடித் திருகுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு பக்க இடைவெளியும் ஒரே அளவாக இருக்கும்படி, கையேட்டில் சொன்ன அளவுக்கு முறுக்கினேன். முறுக்க முறுக்கக் கோடு ஒரு பக்கமாகத் திரும்பப் பார்க்கும். நூலை விட்டுக் கண்ணை எடுக்காமல் முறுக்குவது நல்லது.

ரேஞ்சில் போல்ட்டை எடுத்துவிட்டுக் குழல் வழியே 25 கஜ இலக்கைப் பார்த்து, துப்பாக்கி அசையாமல் குறுக்குக்கோட்டை அதே புள்ளிக்குக் கொண்டுவந்தேன். ஸ்கோப்பின் ஒரு கிளிக் 100 கஜத்தில் கால் அங்குலம். 25 கஜத்தில் ஒரு அங்குலம் நகர 16 கிளிக் வேண்டும். 25-இல் மையத்துக்குச் சற்றுக் கீழே படும்படி விட்டுவிட்டு 100-க்குப் போனோம். 25-இலேயே நடுவில் பட வைத்தால் 100-இல் இரண்டு அங்குலத்துக்கு மேல் ஏறிவிடும்.

100 கஜத்தில் சுட்டது அவள்தான். குழல் மெல்லியது, சீக்கிரம் சூடேறும். அதனால் மும்மூன்றாகச் சுட்டு, போல்ட்டைத் திறந்துவைத்து ஆறவிட்டோம். கடைசியில் மூன்று துளைகளும் மையத்துக்கு ஒன்றரை அங்குலம் மேலே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றன. அதிலேயே விட்டுவிட்டோம். 200 கஜம் வரை உயர்த்திப் பிடிக்கத் தேவையில்லை, நெஞ்சைக் குறிவைத்தால் போதும். புருவத்துக்கும் ஐபீஸுக்கும் (ஸ்கோப்பின் கண் பக்க முனை) நடுவே தாராளமாக இடம் இருந்தது. உதைக்குப் பயந்து கண்ணை மூடும் பழக்கம் பாதி இந்த இடைவெளியிலேயே போய்விடும் என்று உறுதியாக நம்புகிறேன்.

திருகுத் தலைகளில் வெள்ளைப் பெயிண்ட் கோடு இழுத்திருக்கிறேன். நகர்ந்தால் உடனே தெரியும். சீசனுக்கு முன் ஒரு காலையில், குழல் குளிர்ந்திருக்கும்போது விழும் முதல் தோட்டா எங்கே படுகிறது என்று மட்டும் இன்னும் பார்க்க வேண்டும்.