முதல் ஆபரேஷன் சீட்டைப் பத்திரமா வைங்க

எங்க வீட்டில் ஒரே வருஷத்தில் இரண்டு பிரசவம். அண்ணிக்கு 36 வயது, மூன்றாவது குழந்தை. தங்கைக்கு 27, இரண்டாவது. நீடாமங்கலத்தில் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் "இந்த வயசுக்கு கத்திதான்" என்று அண்ணியைத்தான் பயமுறுத்தினார்கள். ஆனால் அண்ணிக்குச் சுகப்பிரசவம், தங்கைக்குத்தான் சிசேரியன்.

வயதுக்குப் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. 35 தாண்டினால் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு வரும் வாய்ப்பு கூடும், அதனால் சிசேரியனும் கூடும். ஆனால் அந்த வயதில் தலைப்பிரசவம் என்பது வேறு, ஏற்கெனவே இரண்டு சுகப்பிரசவம் ஆனவருக்கு மூன்றாவது என்பது வேறு. முந்தைய பிரசவம் எப்படி நடந்தது என்பதைத்தான் டாக்டர் முதலில் கேட்கிறார்.

தங்கைக்கு நாலு வருஷம் முன்பு ஆபரேஷன் செய்தது குழந்தை தலை மேலே இருந்ததால். இந்த முறை தலை கீழேதான் இருந்தது, அவளுக்கும் முயற்சி செய்ய ரொம்ப ஆசை. ஒரு சிசேரியனுக்குப் பிறகு முறையான கண்காணிப்பில் முயற்சி செய்பவர்களில் நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் சுகப்பிரசவம் ஆகிறது. பிரசவ வலியில் கர்ப்பப்பையின் பழைய தையல் விடும் ஆபத்து ஏறக்குறைய இருநூறில் ஒருவருக்கு, அதனால்தான் உடனே ஆபரேஷன் செய்ய வசதியுள்ள ஆஸ்பத்திரியாக இருக்க வேண்டும். டாக்டர் கேட்டது பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை மட்டும்தான். கர்ப்பப்பையில் குறுக்கே வெட்டினார்களா, நெடுக்கே வெட்டினார்களா என்பது அதில்தான் இருக்கும், வயிற்றுத் தழும்பைப் பார்த்துச் சொல்ல முடியாது, நெடுக்கே வெட்டியிருந்தால் வலி வரவே விடக்கூடாது. அம்மா பீரோவையே கவிழ்த்தாள். ரேஷன் கார்டு உறைக்குள் எழுத்து மங்கிப்போன மருந்துக்கடை பில் ஒன்றும் ஸ்கேன் படமும்தான் கிடைத்தன. முதல் ஆபரேஷன் நடந்த இடத்தில் போய்க் கேட்டோம், பழைய ரெக்கார்டு இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். தெரியாத தையலை நம்பி இறங்க டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை, அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

தமிழ்நாட்டில் 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நூறு பிரசவத்தில் 45 சிசேரியன், தனியாரில் 64. அப்படியென்றால் எத்தனை வீட்டில் இந்தக் காகிதம் தேவைப்படும்! ஒவ்வொரு சிசேரியனுக்குப் பிறகும் அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி பழைய தழும்பில் ஒட்டிக்கொள்ளும் ஆபத்தும் ஏறுகிறது, தங்கைக்கு இப்போது இரண்டு ஆகிவிட்டது.

இந்த முறை டிஸ்சார்ஜ் அன்று அவளை உட்காரவைத்துவிட்டு நானே கவுண்டரில் நின்றேன். ஏன் ஆபரேஷன், எப்படி வெட்டு என்று இருக்கிறதா பார்த்தேன், வெட்டு விவரம் விட்டுப்போயிருந்தது, நர்ஸ் அக்காவிடம் கேட்டு எழுதி வாங்கினேன். 'கீழ்ப்பகுதி, குறுக்கு வெட்டு.' அங்கேயே போனில் படம் எடுத்து மாப்பிள்ளைக்கும் அண்ணனுக்கும் அனுப்பிவிட்டுத்தான் ஆட்டோ பிடித்தோம்.