அந்த யோசனை எந்த வழியாக வந்தது?

சாம்பியாவின் தென் மாகாணத்தில், சோமா நகரத்திலிருந்து மண் சாலையில் வெகுதூரம் போனால் வரும் ஒரு தொடக்கப் பள்ளி. மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வகுப்பு பார்க்காமல் கலைத்து, யாருக்கு எவ்வளவு வாசிக்க வருகிறதோ அதற்கேற்பக் குழுக்களாக உட்கார வைத்திருந்தார்கள். மரத்தடியில் இருந்த குழுவின் ஆசிரியை ஓர் அட்டையை மண்ணில் விரித்தார். மேல் வரிசையில் ம, மெ, மி, மொ, மு என்று படித்தார்கள். அடுத்த வரிசையில் ப, பெ, பி. பிள்ளைகள் விரலை வைத்து இடமிருந்து வலமாகவும் மேலிருந்து கீழாகவும் அந்தப் பகுதியின் டோங்கா மொழியில் உரக்கப் படித்துக்கொண்டே போனார்கள்.

நம் ஒன்றாம் வகுப்புச் சுவரில் தொங்கும் உயிர்மெய் அட்டவணையேதான். எழுத்து மட்டும் ரோமன்.

அந்தக் கட்டம் அங்கே வந்து சேர்ந்த கதை ஓரளவு தெரிந்ததுதான். மும்பையில் 1990களில் தொடங்கிய பிரதம் அமைப்பு, வயதையும் வகுப்பையும் விட்டுவிட்டுப் பிள்ளையின் நிலையிலிருந்து பாடத்தைத் தொடங்கும் முறையை வளர்த்தது. சாம்பியா 2016இல் அதை 'கேட்ச் அப்' என்ற பெயரில் சோதித்துப் பார்த்து, பிறகு விரிவாக்கியது. தமிழ்நாட்டில் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தின் அரும்பு, மொட்டு, மலர் பிரிவுகளை அறிந்தவர்களுக்கு இந்த எண்ணம் புதிதாக இருக்காது.

நான் போனது அந்தத் திட்டத்தை மதிப்பிட அல்ல. ஆப்பிரிக்க நாடுகளின் கல்வி அலுவலர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்ள ஏற்பாடு செய்த வேறொரு முயற்சியை மதிப்பிடப் போயிருந்தேன். இப்படிப்பட்ட முயற்சிகள் அந்தக் கண்டத்தில் பல உண்டு. ஆப்பிரிக்கக் கல்வி வளர்ச்சிச் சங்கம் 1988 முதல் இருக்கிறது. உலகளாவிய கல்விக் கூட்டாண்மையும் கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆராய்ச்சி மையமும் சேர்ந்து நடத்தும் 'கிக்ஸ்' 2019இல் வந்தது. தேவையும் சாதாரணமானதல்ல. சகாராவுக்குத் தெற்கே பத்து வயதுப் பிள்ளைகளில் 10க்கு ஏறக்குறைய 9 பேருக்கு ஓர் எளிய கதையைப் படித்துப் புரிந்துகொள்ள வரவில்லை என்று உலக வங்கி 2022இல் கணக்கிட்டது.

நான் மதிப்பிட வேண்டிய முயற்சியின் கோப்பில் பட்டறைகள் எத்தனை, கலந்துகொண்டவர்கள் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர், எத்தனை அறிக்கைகள் எத்தனை மொழிகளில் என எல்லாம் இருந்தன. பட்டறை முடிந்த மாலையில் நிரப்பிய கருத்துப் படிவங்களும் இருந்தன. எல்லாரும் 'மிகவும் பயனுள்ளது' என்று டிக் அடித்திருந்தார்கள். ஊருக்குத் திரும்பிப் போய் என்ன செய்தார்கள் என்று யாருமே கேட்டிருக்கவில்லை. நான் முதலில் தயாரித்த கேள்வித்தாளும் அந்த வழியில்தான் போனது. எந்த அறிக்கையைப் படித்தீர்கள், எத்தனை முறை பயன்படுத்தினீர்கள் என்று கேட்டேன். மரியாதையான பதில்கள் வந்தன. வைத்து ஒரு வரி எழுத முடியவில்லை.

அப்புறம் முறையையே மாற்றினோம். பட்டறையில் தொடங்கி வகுப்பறைக்குப் போகாமல், வகுப்பறையில் தொடங்கிப் பின்னோக்கி நடப்பது. 'இரண்டு வருடத்துக்கு முன்பு செய்யாத எதை இப்போது செய்கிறீர்கள்? அது எங்கிருந்து வந்தது?' இந்த இரண்டு கேள்விகள்தான். சொன்னதை, சம்பந்தப்படாத மூன்றாம் ஆளிடம் சரிபார்ப்பது. மதிப்பீட்டுக்காரர்கள் இதை விளைவு அறுவடை என்கிறார்கள்.

அந்த மரத்தடி ஆசிரியையிடமும் கேட்டேன். அட்டை பயிற்சியில் கொடுத்தது, எல்லாருக்கும் உண்டு என்றார். புதிதாக நடப்பது வேறு. மண்டல ஒருங்கிணைப்பாளர் இப்போது வகுப்பின் பின்னால் உட்கார்ந்து முழுப் பாடத்தையும் பார்க்கிறார், முடிந்ததும் பத்து நிமிடம் தன்னோடு பேசிவிட்டுத்தான் போகிறார். முன்பெல்லாம் தலைமையாசிரியர் அறையில் பதிவேட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்.

அந்த ஒருங்கிணைப்பாளரைப் பிடித்தோம். நம் வட்டார வள மையத்து ஆசிரியர் பயிற்றுநர் மாதிரி ஒரு பொறுப்பு, ஐம்பது வயதிருக்கும். பையிலிருந்து ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்துக் காட்டினார். ஸ்கேல் வைத்து நான்கு பத்தி கோடு போட்டிருந்தார். எந்த ஆசிரியர், என்ன பார்த்தேன், என்ன பேசினோம், அடுத்த முறை எதைப் பார்க்க வேண்டும். எங்கிருந்து வந்தது இது என்றேன். பட்டறைக்குப் போயிருந்தபோது தேநீர் வரிசையில் கென்யாக்காரர் ஒருவர் பக்கத்தில் நின்றாராம். கென்யாவில் 2015 முதல் நாடு முழுக்க நடந்த 'துசோமே' வாசிப்புத் திட்டத்தில் வேலை செய்தவர். அங்கே பாட உதவி அலுவலர்கள் டேப்லெட்டோடு வகுப்புக்குள் உட்கார்ந்து கவனித்து, உடனே ஆசிரியரோடு பேசுவார்கள். எங்களிடம் டேப்லெட் ஏது, நோட்டு இருக்கிறதே என்று ஊருக்கு வந்து கோடு போட்டுவிட்டேன் என்றார்.

பட்டறை நிகழ்ச்சி நிரலில் அந்த அரை மணி நேரத்துக்கு 'இடைவேளை' என்றுதான் போட்டிருந்தது.

இதைப் பட்டறையின் சாதனை என்று எழுதிவிடலாமா? நான் அவரையே கேட்டேன், அந்தக் கென்யாக்காரரைப் பார்க்காமல் இருந்திருந்தால் இதைச் செய்திருப்பீர்களா என்று. கொஞ்ச நேரம் யோசித்தார். பதிவேடு பார்ப்பதில் பலனில்லை என்று தனக்கு ஏற்கெனவே தோன்றியிருந்தது, இன்னொரு நாட்டில் தன்னைப் போன்ற ஒருவர் அரசு வேலையாகவே அதைச் செய்கிறார் என்று தெரிந்ததும் தைரியம் வந்தது என்றார். அறிக்கையில் அதை அப்படியே எழுதினேன். பணம் கொடுத்த தரப்பில் ஒருவர், இதை ஒரு சதவீதமாகச் சொல்ல முடியுமா என்று கேட்டார். முடியாது என்றேன். அந்தப் பேச்சு இரண்டு மணி நேரம் நீண்டது. இன்றும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தைரியத்தை எண்ணாக்கினால் அது பொய்யாகிவிடும்.

எல்லாமே கடந்து வந்துவிடாது என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். கென்யாவில் ஒப்பந்த ஆசிரியர்களைச் சேர்க்கும் திட்டம் ஒன்றை நாடு முழுக்கச் சோதித்தபோது, சில பள்ளிகளில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்தியது, மற்றவற்றில் அரசு நடத்தியது. தொண்டு நிறுவனம் நடத்திய இடத்தில் பிள்ளைகளின் கற்றல் கூடியது, அரசு நடத்திய இடத்தில் பலனே தெரியவில்லை. ஒரே நாடு, ஒரே யோசனை. சம்பளம் தாமதமானது, ஆசிரியர் சங்கம் எதிர்த்தது, யார் வேலை வாங்குகிறார்கள் என்பது மாறியது. ஒரே நாட்டுக்குள் கைமாறும்போதே இப்படி என்றால், எல்லை தாண்டி வரும் யோசனையோடு அதை நடத்திய ஏற்பாட்டையும் விசாரிக்காமல் மதிப்பிடுவது வீண்.

மொழியும் சேர்ந்துகொள்கிறது. டோங்காவில் ஒலிக்கேற்ற எழுத்து, அசைகள் பெரும்பாலும் உயிரில் முடிகின்றன. அதனால் அந்த அட்டை பொருந்துகிறது. ஐவரி கோஸ்டில் இதே முறை பிரெஞ்சு வழியாக நடக்கிறது. பிரெஞ்சில் 'ஓ' என்ற ஒரே ஒலியை மூன்று நான்கு விதமாக எழுதலாம். அதே கட்டத்தைக் கொண்டுபோய் விரித்தால் பிள்ளை திணறும். இந்த மாதிரி விஷயம் பட்டறையில் பேச்சில் வரவே நாளாகிறது. மொழிபெயர்ப்பாளர் காதுக்கருவி வழியே சொல்வது சில நொடி தாமதமாக வரும், அதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விடும். மொசாம்பிக்கிலிருந்து வந்த போர்ச்சுகீசியம் பேசும் இரண்டு பெண் அலுவலர்கள் மூன்று நாளும் ஏறக்குறைய வாய் திறக்கவில்லை. கடைசி நாள் சாப்பாட்டு மேசையில், தாய்மொழியில் தொடங்கிப் போர்ச்சுகீசியத்துக்கு மாறும் தங்கள் பள்ளிகளைப் பற்றி அவர்கள் சொன்னதுதான் நான் அங்கே கேட்டதில் மிகவும் பயனுள்ளது. கோப்பில் அவர்கள் கணக்கு 'பங்கேற்றவர்கள்: 2'.

அடுத்த ஆண்டு மறுபடி போனபோது அந்த ஒருங்கிணைப்பாளர் வேறு மாவட்டத்துக்கு மாற்றலாகிப் போயிருந்தார். எனக்கு மனசு விட்டுப்போனது. ஆள் போனால் எல்லாம் போச்சு என்று பல நாடுகளில் பார்த்திருக்கிறேன். புதிதாக வந்திருந்தவர் இளம்பெண். நோட்டு ஏதாவது வைத்திருக்கிறீர்களா என்று தயங்கித்தான் கேட்டேன். எடுத்துக் காட்டினார். பழையவர் பொறுப்பை ஒப்படைக்கும்போது சொல்லிக் கொடுத்ததாம். அதே ஸ்கேல் கோடு, அதே நான்கு பத்திகள். ஓரத்தில் பென்சிலால் ஐந்தாவதாக ஒன்று போட்டிருந்தார். அன்றைக்கு மாடு மேய்க்கப் போனதால் வகுப்புக்கு வராத பிள்ளைகளின் பெயர்கள்.

இது எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். எங்கிருந்தும் இல்லை, இந்த ஊரில் அது வேண்டியிருக்கிறது என்றார்.