வட்டு போன பிறகு எதைத் தேடுகிறார்கள்

உயிர்விட்ட ஹார்ட் டிஸ்க்கோடு கணினியைத் தூக்கி வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது படங்களைப் பற்றித்தான். குழந்தை தவழ்ந்த காணொளி, மறைந்த தாயின் குரல் பதிவு, முக்கால்வாசி எழுதி முடித்த ஆய்வேடு. விண்டோஸ் என்ன ஆகும் என்று எவரும் கேட்டதில்லை. வீட்டுக் கணினிக்குக் கோப்புகளை மட்டும் பேக்கப் எடுத்தால் போதுமா, வட்டு முழுவதையும் அப்படியே படியெடுக்கும் சிஸ்டம் இமேஜ் வேண்டுமா என்று யாராவது ஆலோசனை கேட்கும்போதெல்லாம் அந்த முகங்கள்தான் நினைவுக்கு வருகின்றன. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கோப்பு பேக்கப் எல்லோருக்கும் கட்டாயம். இமேஜ் சிலருக்குக் கட்டாயம், மற்றவர்களுக்கு வசதி. அந்தச் சிலர் யார் என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலையில் கடினமான பகுதி.

முதியவர் ஒருவர் தம் வாழ்க்கை வரலாற்றைப் பல ஆண்டுகளாகத் தட்டச்சு செய்துவந்தார். ஒழுங்கானவர். வாரந்தோறும் ஆவணக் கோப்புறையை வெளி வட்டில் நகலெடுத்து வைப்பார். கணினியின் வட்டு பழுதானபோது அவர் கலங்கவில்லை. புது வட்டு போட்டு, விண்டோஸ் நிறுவி, கோப்புகளைத் திரும்ப வைத்துக் கொடுத்தேன். மறுநாளே வந்துவிட்டார். "தம்பி, கோப்பின் பெயரெல்லாம் சரியாக இருக்கிறது. உள்ளே ஒரு வரிகூடப் படிக்க முடியவில்லையே!"

திறந்து பார்த்தேன். பக்கம் பக்கமாக ஆங்கில எழுத்துகள். புள்ளி வைத்த மெய்யெழுத்து வரவேண்டிய இடத்திலெல்லாம் அரைப்புள்ளி. எல்லாக் கணினியிலும் ஒரேபோலப் படிக்கக்கூடிய இன்றைய யூனிகோடு முறைக்கு முந்தைய, ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைக்கும் பாமினி எழுத்துருவில் அடித்த பக்கங்கள் அவை. அந்த எழுத்துரு விண்டோஸின் எழுத்துருக் கோப்புறையில் இருந்தது, ஆவணக் கோப்புறையில் இல்லை. பழைய வட்டோடு அதுவும் போய்விட்டது. பாமினியை எளிதாகத் தேடி எடுத்துவிட்டோம். ஆனால் நடுவில் சில அத்தியாயங்களை அவர் வேறொரு தட்டச்சு மென்பொருளில் அடித்திருந்தார். அதை உருவாக்கியவர்கள் தொழிலையே விட்டு வெகுகாலமாகியிருந்தது. எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கி, பிசகிய எழுத்துகளை அவரும் நானும் அருகருகே உட்கார்ந்து திருத்தினோம். ஓர் இமேஜ் இருந்திருந்தால் ஒரு மாலைப் பொழுதில் முடிந்திருக்கும்.

கோப்பு பேக்கப்பின் குருட்டுப் பகுதி இதுதான். நாம் அறிந்து சேமித்தவற்றை மட்டுமே அது காக்கும். உலாவியின் புத்தகக்குறிகள், மின்னஞ்சல் மென்பொருளின் தரவு, கணக்கு மென்பொருள் தன் நிறுவல் கோப்புறைக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் பதிவேடுகள் எல்லாம் மறைந்த கோப்புறைகளில் கிடக்கும். விண்டோஸ் 8-உடன் 2012-இல் வந்த ஃபைல் ஹிஸ்டரி என்ற கோப்பு பேக்கப் வசதியும் டெஸ்க்டாப், ஆவணங்கள், படங்கள் போன்ற பழகிய இடங்களைத்தான் தானாகப் பார்த்துக்கொள்ளும்.

இமேஜ் எதையும் தெரிவு செய்வதில்லை. கணினியைத் துவக்கும் பகுதி, இயங்குதளம், மென்பொருள்கள், அவற்றின் உரிமப் பதிவுகள், அமைப்புகள் என வட்டில் பயன்பாட்டில் உள்ள அனைத்தையும் அப்படியே படியெடுத்துக்கொள்கிறது. வெற்று வட்டை மாட்டி, பென் டிரைவிலிருந்து கணினியைத் துவக்கி, இமேஜை இறக்கினால் படியெடுத்த நாளில் இருந்தபடியே கணினி எழுந்து நிற்கும். உரிமத்தைப் புதுப்பிக்க முடியாத பழைய மென்பொருளை நம்பித் தொழில் செய்கிறவர்களுக்கும், பல நாள் செலவழித்து ஒலிப்பதிவுக்கோ வடிவமைப்புக்கோ கணினியைச் செதுக்கி வைத்திருப்பவர்களுக்கும் இதற்கு மாற்றே இல்லை.

ஆனால் அந்த "படியெடுத்த நாள்" என்பதை மக்கள் மறந்துவிடுகிறார்கள். கணினி வாங்கிய புதிதில் ஆசையாக ஓர் இமேஜ் எடுத்து வைத்துவிட்டு, அதையே காப்பாக நம்பியிருந்த குடும்பத்தைப் பார்த்திருக்கிறேன். கணினி அழகாகத் திரும்பி வந்தது, படக் கோப்புறை காலியாக. இமேஜின் கோப்பு பெரியது என்பதால் அடிக்கடி எடுக்க மனம் வராது. மாறியதை மட்டும் சேர்த்துக்கொண்டே போகும் முறையில் எடுத்தாலோ, சங்கிலியில் ஒரு கண்ணி கெட்டால் அதற்குப் பிந்தையவை பயன்படாது. மதர்போர்டு மாறினால் இறக்கிய இமேஜ் துவங்காமல் போகலாம். விண்டோஸின் சொந்த இமேஜ் வசதி, பழையதைவிடச் சிறிய வட்டில் இறங்க மறுக்கும்.

அந்தச் சொந்த வசதியை இனி நம்பியிருக்க வேண்டாம் என்பேன். கண்ட்ரோல் பேனலில் இன்றும் விண்டோஸ் 7 என்ற பெயரை ஒட்டிக்கொண்டுதான் அது இருக்கிறது. 2017-லேயே மைக்ரோசாஃப்ட் அதைக் கைவிடப்பட்டவற்றின் பட்டியலில் சேர்த்து, வேறு நிறுவனங்களின் மென்பொருளைப் பயன்படுத்தச் சொல்லிவிட்டது. இமேஜ் எடுக்கும் மென்பொருள்களில் குளோன்சில்லா இலவசம், நம்பகமானது. அதன் கறுப்புத் திரை பழகாதவர்களை மிரட்டும் என்பதால் முதல் முறை நானே உடன் இருப்பேன். எந்த மென்பொருளானாலும் அதன் மீட்பு பென் டிரைவையும் சேர்த்து உருவாக்கி, இமேஜ் உள்ள வட்டோடு வைக்கச் சொல்கிறேன். பல வகை இமேஜ்களை, அவற்றை எடுத்த அதே மென்பொருளால் மட்டுமே திறக்க முடியும்.

இப்போது நான் சொல்லும் ஏற்பாடு இதுதான். கோப்புகள் தானாகவே தினமும் நகலாகட்டும். இமேஜை விண்டோஸை மேம்படுத்துவதற்கு முன்பும், வட்டை மாற்றுவதற்கு முன்பும், எல்லா மென்பொருளும் நிறுவி முடித்த நிலையிலும் எடுத்தால் போதும். நகலெடுத்ததும் வெளி வட்டைக் கழற்றிவிட வேண்டும்; இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. 2017 மே மாதம் பரவிய வான்னாக்ரை போன்ற, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் மிரட்டல் நிரல்கள், இணைந்திருக்கும் வட்டுகளையும் விடாமல் பூட்டுகின்றன. கிளவுடில் ஒத்திசைப்பதையே பேக்கப் என்று எண்ணுகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான்: இங்கே அழிந்தது அங்கேயும் அழியும். சுழலும் பாகங்கள் இல்லாத எஸ்எஸ்டி வட்டில், அழித்த கோப்பை மீட்பு மென்பொருள் மீட்டுத் தரும் என்ற நம்பிக்கையும் வீண். ட்ரிம் என்ற வசதி அழித்த இடத்தை விரைவிலேயே வெறுமையாக்கிவிடும்.

2017 ஜனவரி இறுதியில் நிரலாளர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் இணையச் சேவையை நடத்தும் கிட்லாப் நிறுவனத்தில் தரவுத்தளம் தவறுதலாக அழிக்கப்பட்டபோது, அவர்கள் வைத்திருந்த பல வகைக் காப்புகள் வேலை செய்யவில்லை என்பது அப்போதுதான் தெரியவந்தது. ஏறக்குறைய 6 மணி நேரத்துக்கு முந்தைய ஒரு படி தற்செயலாக இருந்ததால் தப்பினார்கள். அவ்வளவு பெரிய இடத்திலேயே அப்படியென்றால், வீட்டில் யார் சோதிக்கப்போகிறார்கள்? அதனால் ஏற்பாட்டை முடித்துவிட்டு நான் உடனே கிளம்புவதில்லை. உரிமையாளரையே ஒரு படத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, பேக்கப்பிலிருந்து வேறொரு கோப்புறையில் இறக்கி, திறந்து காட்டச் சொல்கிறேன். பிறகு மீட்பு பென் டிரைவில் கணினியைத் துவக்கி, அதற்கு வெளி வட்டு தெரிகிறதா, விசைப்பலகை வேலை செய்கிறதா என்று பார்க்கிறோம். பலருக்கு இங்கேதான் முட்டுகிறது.

இன்னொன்றும் உண்டு. விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கரால் பூட்டிய வட்டானாலும், விண்டோஸ் இயங்கிக்கொண்டிருக்கும்போது எடுத்த இமேஜ் பெரும்பாலும் பூட்டில்லாமல்தான் வெளி வட்டில் உட்காரும். அதை எடுத்துப்போகிறவர் வீட்டின் எல்லாக் காகிதங்களையும் படிக்கலாம். ஆகவே இமேஜுக்குத் தனியே கடவுச்சொல் போடச் சொல்கிறேன். அந்தக் கடவுச்சொல்லையும் பிட்லாக்கரின் 48 இலக்க மீட்பு எண்ணையும் தாளில் எழுதி, வட்டு இருக்கும் அலமாரியில் அல்லாமல் வேறிடத்தில் வைத்து, வீட்டில் இன்னொருவருக்கும் அந்த இடத்தைச் சொல்லி வைக்கிறார்கள்.