யார் பெயருக்கு மனு?

வியாசர்பாடியில் எங்கள் ஜெராக்ஸ் கடைக்கு நேற்று ஒரு அம்மா வந்தார். மகன் புழல் சிறையில், கொலை வழக்கில் ஆயுள் தண்டனை. மஞ்சப்பையிலிருந்து தீர்ப்பு நகலை எடுத்து வைத்தார். மடித்து மடித்துக் கிழிந்த இடமெல்லாம் செல்லோடேப். "ஜனாதிபதிக்கு ஒரு மனு அடிச்சுக் குடு தம்பி" என்றார்.

குடியரசுத் தலைவருக்கு அரசியலமைப்பின் 72ஆவது பிரிவு தரும் அதிகாரம் பெரியதுதான். மன்னிக்கலாம், தண்டனையைக் குறைக்கலாம். ஆனால் அது தூக்குத் தண்டனை, ராணுவ நீதிமன்றத் தண்டனை, மத்திய அரசின் அதிகாரத்துக்குள் வரும் குற்றங்கள், இவற்றுக்குத்தான். இந்த வழக்குக்கு 161ஆவது பிரிவு, அதாவது ஆளுநர். அவரும் தன்னிஷ்டத்துக்கு முடிவெடுக்க முடியாது; அமைச்சரவை சொல்கிறபடிதான்.

அப்படியும் ராஜீவ் காந்தி கொலை வழக்கில் ஆயுள் கைதியாக இருந்த பேரறிவாளனுக்கு என்ன நடந்தது? 2018 செப்டம்பரில் அமைச்சரவை அவரை விடுவிக்கப் பரிந்துரைத்தது. ஆளுநர் இரண்டு வருடத்துக்கும் மேல் வைத்திருந்து, கடைசியில் குடியரசுத் தலைவருக்குத் தள்ளிவிட்டார். அது தவறு என்று சொல்லி, 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றமே விடுவித்தது. அவருடைய அம்மா அற்புதம்மாள் அலைந்த அலைச்சலை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

சரி, ஆளுநர் பெயருக்கே அடித்தேன். அந்த அம்மா பெறுநர் வரியை எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். காசு வாங்கவில்லை.