மேலே உட்கார்ந்திருக்கும் நடுவர் காதில் என்ன விழுகிறது?

அமெரிக்க உயர்நிலைப் பள்ளி அணிவகுப்பு பேண்ட் போட்டிகளில், பேண்ட்ஸ் ஆஃப் அமெரிக்கா என்ற தேசியப் போட்டித் தொடரின் முறைப்படி 100-க்கு 60 இசைக்கு, 40 காட்சிக்கு. டெக்சஸில் பள்ளிப் போட்டிகளை நடத்தும் யூ.ஐ.எல். அமைப்பின் மாநிலப் போட்டியில் வேறு கணக்கு. இசைக்கு மூன்று நடுவர், அணிவகுப்புக்கு இரண்டு. அவர்கள் தரும் இடவரிசையைக் கூட்டி, குறைந்த தொகைக்கு வெற்றி. 1, 1, 1, 2, 9 வாங்கிய பேண்ட் (14), 2, 3, 2, 3, 2 வாங்கியதிடம் (12) தோற்றுவிடும். ஒரே நடுவர் கவிழ்த்துவிடலாம், கொஞ்சம் கொடுமைதான்!

நல்ல பேண்டுகளும் சறுக்கும் இடம் தாளம் பிசகுவது. அமெரிக்கக் கால்பந்து மைதானம் கோல் கோட்டிலிருந்து கோல் கோட்டுக்கு 300 அடி. ஒலி அதைக் கடக்க கால் நொடிக்குச் சற்று அதிகமாகும். நிமிடத்துக்கு 160 தட்டு வேகத்தில் ஒரு தட்டே 0.375 நொடிதான். ஆக, தூரத்தில் கேட்பதை வைத்து வாசிப்பவர் முக்கால் தட்டு பின்தங்குவார். தனியாகக் கேட்டால் சுத்தமாக இருக்கும். மேலே பிரஸ் பாக்ஸில் (பார்வையாளர் வரிசைக்கு மேலுள்ள அறை) இருக்கும் நடுவருக்குக் குழம்பிப்போய்க் கேட்கும்.

தீர்வு: பின்னால் நிற்பவர்கள் பேண்டை நடத்தும் டிரம் மேஜரின் கையைப் பார்க்க வேண்டும், காதை நம்பக் கூடாது. முன்னால் இருப்பவர்கள், குறிப்பாக மைதான ஓரத்தில் மரிம்பா, வைப்ரஃபோன் (குச்சியால் தட்டி வாசிக்கும் கருவிகள்) வாசிக்கும் குழு, பின்னால் வரும் டிரம் அணியைக் கேட்டு வாசிக்க வேண்டும். டிரம் அணியை மைதானத்தின் நடுவில், பின்புறமாக நிறுத்தினால் பாதிப் பிரச்சினை குறையும். 5 கஜத்துக்கு 8 காலடி, அதாவது ஒரு காலடி 22.5 அங்குலம், என்ற நடையைத் தாளக்கருவி இல்லாமல் முதலில் பழக்குங்கள்.