இரண்டாவது ஆள் யார்? ஊரடங்கில் மாற்றுத்திறனாளிகளுக்கான சேவையை நடத்திய அனுபவம்

2020 மார்ச் 24 மாலை 6 மணிக்கு, கொரோனா பரவலைத் தடுக்கத் தமிழகம் முழுவதும் 144 தடை உத்தரவு அமலுக்கு வந்தது. சிறப்புப் பள்ளிகளும் பகல்நேர மையங்களும் அதற்கு ஒரு வாரம் முன்பே மூடப்பட்டிருந்தன. அன்றுவரை மையத்துக்கு வந்து பிசியோ, பேச்சுப் பயிற்சி, மதியச் சாப்பாடு என்று பெற்றுக்கொண்டிருந்தவர்களின் முழுப் பொறுப்பும் வீட்டில் ஒரே ஒருவர் தலையில் விழுந்தது. பெரும்பாலும் அம்மா. சில வீடுகளில் பாட்டி, சில வீடுகளில் பத்தாவது படிக்கும் தங்கை. அந்த ஒருவர் படுத்துவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்விக்குப் பதில் தேடியதுதான் அடுத்த இரண்டு வருடம் நாங்கள் செய்த வேலை. கிருமியைப் பற்றிய கவலைகூட இதற்கு அடுத்துதான் வந்தது.

முதல் வேலை பட்டியல். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் இருக்கும் பட்டியலில் பெயர், முகவரி, ஊனத்தின் வகை, சதவீதம் இருக்கும். உதவித்தொகை வழங்க அது போதும், நெருக்கடிக் காலத்துக்குப் போதாது. 80 சதவீதம் என்று சான்றிதழ் பெற்றவர் தனியாகச் சமைத்துச் சாப்பிடுவார். 50 சதவீதம் என்று எழுதப்பட்டவருக்கு ஒருவர் ஊட்டிவிட வேண்டியிருக்கும். எனவே சதவீதத்தை ஓரமாக வைத்துவிட்டு வேறு விவரங்களைக் கேட்டு எழுதினோம். குளிக்கவைப்பது, மலஜலம் கழிக்க உதவுவது, ஊட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் யார்? அவர் இல்லையென்றால் செய்யத் தெரிந்த இன்னொருவர் யார், எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்? வீட்டில் எத்தனை நாளுக்கு மாத்திரை இருக்கிறது? டியூப், யூரின் பேக், டயப்பர் ஏதாவது பயன்படுத்துகிறார்களா? கடைசியாக வலிப்பு வந்தது எப்போது? இரண்டாவது ஆள் இல்லாத வீடு எதுவானாலும், ஊனம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், சிவப்புக் குறி. சிவப்புக்குத் தினமும் போன், மஞ்சளுக்கு வாரம் இருமுறை, பச்சைக்கு வாரம் ஒருமுறை.

போனில் கேட்கும் விதத்தை முதல் வாரத்திலேயே மாற்ற வேண்டியிருந்தது. "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டால் "நல்லா இருக்கோம்" என்றுதான் பதில் வரும். "மாத்திரை இருக்கா?" என்றால் "இருக்கு". "மாத்திரை டப்பாவ எடுத்து எண்ணிச் சொல்லுங்க" என்று கேட்டபோதுதான் நான்கு என்ற எண் வந்தது. ஒரு நாளைக்கு இரண்டு வேளை என்றால் இரண்டே நாள். பல வீடுகளில் மூன்று வேளை மாத்திரையை இரண்டு வேளையாக்கி நாளைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். சோடியம் வால்புரோயேட், பினோபார்பிட்டால், கார்பமசெபின் போன்ற வலிப்பு மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினாலோ பாதியாகக் குறைத்தாலோ அடங்கியிருந்த வலிப்பு மீண்டும் கிளம்பும், விடாமல் தொடர்ந்து வந்து உயிருக்கே ஆபத்தாகவும் முடியும். அரசு மருத்துவமனையில் வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்குப் பஸ் இல்லை. வெளிக்கடையில் வாங்கக் காசு இல்லை. எனவே 10 நாளுக்குக் கீழே இறங்கினால் எச்சரிக்கை என்று வைத்துக்கொண்டோம். மருந்துச்சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, ஒரே திசையில் இருக்கும் வீடுகளுக்கு மொத்தமாக வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தோம். மருந்தின் பெயரோடு மில்லிகிராமையும் படித்துக்காட்டச் சொல்ல வேண்டும். 200 இருக்கும் இடத்தில் 500 போய்ச் சேர்வது இங்கேதான்.

தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களின் வீடுகளில் வேறு சிக்கல். சிறுநீர்ப்பையில் நிரந்தரமாகப் போட்டிருக்கும் ரப்பர் டியூபை மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மாற்றிவிட வந்துகொண்டிருந்த நர்ஸ் ஊரடங்கில் வர முடியவில்லை. வாரங்கள் தாண்டினால் டியூபின் நுனியில் உப்பு படிந்து அடைக்கும். டியூப் நழுவாமல் பிடித்து நிறுத்த உள்ளே இருக்கும் பலூன் சுருங்காமல் அடம்பிடிக்கும். மாற்றிய தேதியை மார்க்கர் பேனாவால் யூரின் பேக்கிலேயே எழுதச் சொன்னோம். போனில் "பையில என்ன தேதி எழுதியிருக்கு?" என்று கேட்டால் போதும். அவ்வப்போது டியூப் விட்டு எடுப்பவர்களுக்கு நாளைக்கு 4 முதல் 6 தடவை; ஒருமுறைக்கு ஒன்று என்றால் மாதம் 120 முதல் 180 வேண்டும். அத்தனை வாங்க யாராலும் முடிவதில்லை. கழுவித் திரும்பப் பயன்படுத்துகிறவர்களிடம் சோப்பு, ஓடும் தண்ணீர், நிழலில் முழுக்கக் காயவைப்பது, மூடியுள்ள தனி டப்பா ஆகிய நான்கையும் ஒவ்வொரு தடவையும் நினைவூட்டினோம். ஈரத்தோடு மூடி வைத்தால்தான் கிருமி வளரும்.

இவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் வீடே நடுங்கியது, கொரோனா என்று தெருவைத் தகரம் அடித்து மூடிவிடுவார்கள் என்ற பயம். ஆனால் தண்டுவடம் பாதித்தவரின் காய்ச்சலுக்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது சிறுநீர்த் தொற்று. சிறுநீர் கலங்கலா, நாற்றம் கூடியிருக்கிறதா, டியூப் எங்காவது மடங்கி அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காயம் மேல்முதுகிலோ கழுத்திலோ இருந்தால் அதற்குக் கீழே உடம்பு வியர்க்காது. தகரக் கூரைக்குக் கீழே சித்திரை வெயிலில் உடம்புச் சூடு தானாகவே ஏறும். ஈரத்துணியால் துடைத்து, விசிறிக்குக் கீழே அரை மணி நேரம் வைத்து மறுபடி அளந்தால் இறங்கிவிடும். இதே ஆட்களுக்குத் தலை வெடிப்பதுபோல் வலித்து முகம் சிவந்து வியர்த்தால் அது வேறு, ரத்த அழுத்தம் எகிறுவதன் அடையாளம். உடனே நிமிர்த்தி உட்காரவைத்து, டியூப் அடைப்பை நீக்கி, தணியவில்லையென்றால் தாமதிக்காமல் 108. தொற்றுப் பரிசோதனையும் செய்யத்தான் வேண்டும். ஆனால் அந்த முடிவுக்காகக் காத்திருந்து டியூப் அடைப்பைக் கவனிக்காமல் விட்டால் சிறுநீரகம் போகும்.

வெளியே போக அனுமதி பெரிய தலைவலி. ஆரம்பத்தில் இ-பாஸ் கொடுத்ததெல்லாம் திருமணம், இறப்பு, மருத்துவ அவசரம் ஆகியவற்றுக்குத்தான். பராமரிப்பாளர் என்ற காரணம் பட்டியலில் கிடையாது. மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகள் துறை 2020 மார்ச் 26 அன்று வெளியிட்ட வழிகாட்டுதலில், பராமரிப்பாளர்களுக்குக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கோ எளிய முறையில் பாஸோ தர வேண்டும் என்று இருக்கிறது. அந்தப் பக்கத்தை அச்செடுத்து, அந்த வரிக்குக் கோடிட்டு, கூடவே மாவட்ட நல அலுவலகத்தின் கடிதம், ஊழியரின் அடையாள அட்டை, போகப்போகும் வீட்டின் மாற்றுத்திறனாளி அட்டை நகல் எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தோம். சோதனைச் சாவடியில் நின்று விளக்கம் சொல்லும் நேரம் பாதியாகக் குறைந்தது. பாஸ் ஊழியர் பெயரில் மட்டும் இருந்தால் அவர் விழுந்த அன்று சேவையும் விழும். மாற்று ஆளுக்கும் முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டும்.

ஊழியர்களைச் சோடியாகப் பிரித்து, ஒரு சோடிக்கு ஒரே திசையில் எட்டு வீடு என்று கட்டிவிட்டோம். ஒரு சோடி இன்னொரு சோடியின் வீட்டுக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது. ஒருவருக்குத் தொற்று வந்தால் அந்த எட்டு வீட்டை மட்டும் கவனித்தால் போதும். நாளின் முதல் வீடு மூச்சுத்தசை பலவீனமானவருடையதாக இருக்க வேண்டும், தசைச்சிதைவு உள்ளவர்கள், முதுகு வளைந்தவர்கள் போல. வேறு வீடுகளைத் தொட்டுவிட்டு அவர்களிடம் போகக் கூடாது.

சுத்தம் செய்வதில் நடந்த தவறுகளைச் சொல்லியாக வேண்டும். லிட்டருக்கு 30 கிராம் பிளீச்சிங் பவுடர் தரைக்கும் கழிப்பறைக்கும் சரி. அதையே சக்கர நாற்காலியில் தெளித்தால் இரும்பு துருப்பிடிக்கும், பிரேக் இறுகும், காற்று மெத்தையின் ரப்பர் வெடிக்கும். மெத்தை கெட்டால் படுக்கைப் புண். நாற்காலிக்குச் சோப்புத் தண்ணீரே போதும்: கை வைத்துத் தள்ளும் வளையம், கைப்பிடி, பிரேக், பின்னால் தள்ளுபவர் பிடிக்கும் இடம். பார்வையற்றவர்களின் வெள்ளைக்கோலை நுனியிலிருந்து பிடிவரை துடைத்துவிட்டுத்தான் மடிக்க வேண்டும், மடித்தால் நுனியின் அழுக்கு பிடியில் ஒட்டிக்கொள்ளும்.

எல்லாவற்றிலும் அதிகம் பயன்பட்டது சுவரில் ஒட்டிய ஒரு பக்கத் தாள். முதல் அலையில் தொற்று உறுதியானவரை அழைத்துப்போக வண்டி வந்துவிடும். பேச நேரம் இருக்காது. அம்மாவை ஏற்றிக்கொண்டு போன பிறகு, பேசத் தெரியாத மகனிடம் சித்தப்பா நிற்பார், அவருக்கு எதுவும் தெரியாது. தாளில் மேலே கொட்டை எழுத்தில் இரண்டாவது ஆளின் பெயரும் எண்ணும். கீழே மாத்திரை, நேரம், அளவு, எதனுடன் கொடுப்பது. பிறகு அவரவர் பாஷை. மூளை முடக்குவாதம் உள்ள ஒரு பையனின் தாளில் இருந்தவை இவை: இடது கையைக் கடித்தால் பசி. தலையைச் சுவரில் இடித்தால் காது வலி, பிடிவாதம் இல்லை. சாதத்தைக் குழைத்து, உட்காரவைத்துத்தான் ஊட்ட வேண்டும், ஊட்டியபின் 30 நிமிடம் படுக்கவைக்கக் கூடாது. மிக்சி சத்தம் ஆகாது. சிவப்பு டம்ளரில் கொடுத்தால்தான் தண்ணீர் குடிப்பான். இதை அம்மாக்களிடம் எழுதச் சொன்னால் வராது. "நேத்து காலைல எழுந்ததுல இருந்து சொல்லுங்க" என்று கேட்டு, சொல்லச் சொல்ல நாம் எழுத வேண்டும். ஒரு வீட்டுக்கு ஒன்றரை மணி நேரம் பிடிக்கும், அதைச் சுருக்க முடியாது. தாளின் நகலொன்று துணிப்பையில் இருக்க வேண்டும், மருத்துவமனைக்குப் போனால் அதுவும் கூடப் போகும்.

விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிமீட்டர் 2020 கடைசியில் பல வீடுகளுக்கு வந்துவிட்டது. 94க்குக் கீழே போனால் மருத்துவரை அழையுங்கள் என்பது எல்லோருக்குமான விதி. ஆனால் விரல் மடங்கி இறுகியிருந்தால், கை குளிர்ந்திருந்தால், உடம்பு துள்ளிக்கொண்டிருந்தால் கருவி 85 காட்டும், பதறிப்போய் ஓடுவார்கள். கையைத் தேய்த்துச் சூடாக்கி, இறுக்கம் குறைந்த விரலில் மாட்டி, நெயில் பாலிஷை அழித்து, ஒரு நிமிடம் எண் நிலையாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நல்ல நாளில் அவருக்கு எவ்வளவு காட்டும் என்று மூன்று நாள் அளந்து தாளில் எழுதி வைத்தோம். அவரவர் வழக்கத்திலிருந்து எவ்வளவு இறங்கியது என்பதும் முக்கியம். ஆறு நிமிடம் நடந்து ஆக்சிஜன் இறங்குகிறதா என்று பார்க்கும் சோதனை நடக்க முடியாதவருக்கு உதவாது. குப்புறப் படுக்கச் சொல்வதும் முதுகு வளைந்தவருக்கு முடியாது. ஒருக்களித்துத் தலையணை முட்டுக்கொடுத்துப் படுக்கவைக்கலாம்.

காது கேளாதவர்கள் பார்த்துப் புரிந்துகொள்ளும் உதட்டசைவையும் முகக்கவசம் பறித்துக்கொண்டது. நடுவில் கண்ணாடித்தாள் வைத்துத் தைத்தோம். அது ஐந்து நிமிடத்தில் ஆவி படியும். பாத்திரம் துலக்கும் சோப்பை ஒரு சொட்டு தேய்த்து உலர்ந்த துணியால் துடைத்தால் கொஞ்ச நேரம் தெளிவாக இருக்கும். காதில் மாட்டும் கவசத்தைக் கழற்றும்போது காதுக்கருவியும் சேர்ந்து தெறிக்கும், அவர்களுக்குத் தலைக்குப் பின்னால் கட்டும் நாடா வைத்ததே சரி. எழுதிக் காட்டினால் புரிந்துவிடும் என்று நினைப்பது தவறு. சைகையே முதல் மொழியாக இருப்பவர்களில் பலருக்குத் தமிழ் வாசிப்பது அவ்வளவு எளிதில்லை. வீடியோ அழைப்பில் மொழிபெயர்ப்பாளர் தேவை, அதற்கு டேட்டா தேவை. மளிகையோடு போன் ரீசார்ஜும் நிவாரணப் பட்டியலில் ஏறியது அப்படித்தான்.

தானாகக் கழற்ற முடியாதவருக்கும், எச்சில் வழிந்து துணி நனைந்துவிடுபவருக்கும் முகக்கவசம் மாட்டக் கூடாது. மூச்சு முட்டும். அந்த வீட்டில் மற்றவர்கள்தான் போட வேண்டும்.

வீடியோவில் பிசியோ சொல்லிக்கொடுத்ததில் பாதிதான் பலித்தது. பத்துப் பயிற்சி அனுப்பினால் ஒன்றும் நடக்காது. பின்தொடை, கெண்டைக்கால், உள்தொடை என்று மூன்று நீட்டல், ஒவ்வொன்றும் 30 நொடி, மூன்று தடவை, குளித்த பிறகு. இப்படிக் குறைத்த பிறகே தினமும் செய்தார்கள். ஆனால் ஒன்று எங்கள் கண்ணில் படவில்லை. மூடியிருந்த மாதங்களில் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். காலுக்குத் தாங்கலாக மாட்டும் பழைய காலிப்பர் கணுக்காலில் இறுகிப் புண்ணாக்கியது. மாதம் ஒருமுறை காலிப்பரைக் கழற்றியதும் தோலைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்க வேண்டும். சிவப்பு 20 நிமிடத்தில் மறையாவிட்டால் காலிப்பர் மாட்டவே கூடாது.

2021இல் தடுப்பூசி வந்தபோது கணக்கே வேறு. மே மாதத்தில் கோவிஷீல்டு இரண்டு ஊசிகளுக்கு இடையே குறைந்தது 12 வாரம் என்று ஆனது. ஒரு குப்பியில் 10 ஊசி, திறந்தால் 4 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். படுக்கையில் இருப்பவர்கள் தள்ளித் தள்ளி இருக்கிறார்கள், ஊசி போட்டபின் ஒவ்வொருவரையும் 30 நிமிடம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பத்து வீட்டுக்கு அதுவே 5 மணி நேரம், குப்பி வீணாகும். எனவே கிராம சுகாதாரச் செவிலியர் ஊசி போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர, பயிற்சி பெற்ற இருவர் மாறி மாறிப் பின்தங்கி 30 நிமிடம் உட்கார்ந்துவிட்டு இருசக்கர வண்டியில் போய்ச் சேர்ந்துகொள்வது என்று வைத்துக்கொண்டோம். வீட்டுக்கு வீடு பராமரிப்பவருக்கும் அங்கேயே போட்டதால் ஐந்தாறு வீட்டில் பத்து நிரம்பியது. தோள் தசை சூம்பியவர்களுக்குத் தொடையில் போடலாம். அதைச் செவிலியரிடம் முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும். வாசலில் நின்று விவாதித்தால் நேரம் ஓடும்.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் பிசியோவும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் இருக்கின்றன. அந்த ஊழியர் முதல்முறை வரும்போது சுவரில் ஒட்டிய தாளைக் காட்டச் சொல்லிவைத்திருக்கிறோம். எடை கூடினால் வலிப்பு மாத்திரையின் அளவு மாறும், தங்கைக்குக் கல்யாணமானால் இரண்டாவது ஆள் மாறுவார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பழைய தாளைக் கிழித்துவிட்டு, மேலே தேதி போட்டுப் புதிதாக எழுதுகிறோம்.