டிராயிங் சார்

அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியருக்கு ஓவியம் சொல்லித்தருவதைத் தவிர எல்லா வேலையும் வரும். ஆண்டுவிழா மேடைக்குத் தெர்மாகோலில் எழுத்து வெட்ட வேண்டும். அதிகாரி ஆய்வுக்கு வருகிறார் என்றால் சுவரில் திருவள்ளுவர் வரைய வேண்டும். கணக்கு ஆசிரியருக்குப் பாடம் முடியவில்லை என்றால் ஓவிய பீரியடை விட்டுக்கொடுக்க வேண்டும். கும்பகோணம் பக்கத்தில் நான் உயிரியல் ஆசிரியையாகச் சேர்ந்த பள்ளியில் இதையெல்லாம் முகம் சுளிக்காமல் செய்துகொண்டிருந்தவர் எங்கள் டிராயிங் சார். போன வருடம் காலமானார். துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேர், "நல்லா போர்டு எழுதுவாரு" என்றார்கள். உண்மைதான். ஆனால் அது அவரில் கால்வாசிகூட இல்லை.

அவர் படித்தது கும்பகோணம் ஓவியக் கல்லூரியில். 1887-இல் தொடங்கிய கல்லூரி அது. சென்னையில் 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற டாக்டர் ஆரம்பித்த ஓவியப் பள்ளியைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள், எங்கள் கல்லூரியை யாரும் கண்டுகொள்வதில்லை என்று அவருக்குத் தீராத குறை. ஆனால் மதிய இடைவேளையில் அவர் சொல்வதென்னவோ சென்னைக் கதைகள்தான். அங்கே முதல்வராக இருந்த ராய் சௌத்ரி, மெரினாவின் உழைப்பாளர் சிலைக்குக் கல்லூரி வாட்ச்மேனையே மாடலாக நிறுத்தினார் என்பார். அவருக்குப் பின் முதல்வரான பணிக்கரின் கதை வந்துவிட்டால் டிபன் பாக்ஸ் திறந்தபடியே கிடக்கும். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் பத்திக் துணி (மெழுகு தடவிச் சாயம் ஏற்றுகிற துணி), கைவினைப் பொருள் என்று செய்து விற்று, அந்தப் பணத்தில் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கினார்கள். 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் அப்படித்தான் உருவானது.

"படம் வித்து சாப்பிட முடியாதுன்னு அவங்களுக்கே தெரிஞ்சிருக்கு டீச்சர். துணி வித்துப் படம் போட்டாங்க. நான் போர்டு எழுதிப் படம் போடுறேன், அவ்வளவுதான் வித்தியாசம்" என்பார்.

பள்ளி வேலை கிடைப்பதற்கு முன்பு கடை போர்டு, நாடக சீன், கோயில் வாகனங்களுக்கு வர்ணம் என்று எல்லாம் பார்த்திருக்கிறார். வேலை கிடைத்த பிறகும் சாயங்காலங்களில் போர்டு எழுதினார். ஃப்ளெக்ஸ் வந்ததும் அது நின்றுபோனது. வருமானம் போனதில் வருத்தம்தான். ஆனால் அதற்குப் பிறகுதான் ஞாயிற்றுக்கிழமைகளில் அரசலாற்றங்கரையில் உட்கார்ந்து நிறைய வாட்டர்கலர் போட்டார். வெள்ளை பெயிண்டைத் தொடவே மாட்டார். வெளிச்சம் வேண்டிய இடத்தில் காகிதத்தை அப்படியே விட்டுவைப்பார். ஆற்றில் தண்ணீர் ஓடுகிற மாதங்களைவிட மணல் தெரிகிற கோடைதான் அவருக்குப் பிடிக்கும். பச்சை ரொம்ப சுலபம், யார் போட்டாலும் அழகாகத்தான் இருக்கும் என்பது அவர் கட்சி. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. சம்பா நடவு முடிந்த வயலை அவர் வரைந்திருந்தால் நன்றாகத்தான் வந்திருக்கும்.

வகுப்பில் ஒரு குடத்தை மேஜைமேல் வைத்துவிட்டு வரையச் சொல்வார். ஃப்ரீஹேண்ட், மாடல் டிராயிங் என்று அரசுத் தொழில்நுட்பத் தேர்வு உண்டு. லோயர், ஹையர் இரண்டும் பாஸ் செய்து வைத்தால் பின்னால் ஓவிய ஆசிரியர் வேலைக்கு உதவும் என்று விருப்பமுள்ள பிள்ளைகளை அதற்குத் தயார் செய்வார். குடத்தின் வாய் வட்டம் என்று தெரியும் என்பதால் பிள்ளைகள் வட்டமாகவே போடுவார்கள். அடிப்பக்கம் மேஜையில் உட்கார்ந்திருக்கிறது என்பதால் அங்கே நேர்கோடு. சார் திருத்தமாட்டார். முன் பெஞ்சுக்காரனைப் பின் பெஞ்சுக்கும், பின் பெஞ்சுக்காரனை ஜன்னலோரத்துக்கும் மாற்றி உட்காரவைத்து, "இப்ப வாய் எப்படிடா தெரியுது?" என்று கேட்பார். "தெரிஞ்சத வரையாத, தெரியறத வரை" என்று அவர் சொல்வதை நான் பக்கத்து வகுப்பிலிருந்து எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன்.

என் பாடத்துக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்பதை ஒரு செம்பருத்திப் பூ காட்டிக்கொடுத்தது. ஆசிரியர் அறையில் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்த்தவர் கேட்டார்:

"டீச்சர், இது எந்தச் செடியில பூத்தது?"

"புத்தகத்துல இருக்கிற படம் சார். பார்த்துப் போட்டிருக்காங்க."

"அதான பார்த்தேன். ஒரு இதழ் மட்டும் எல்லாத்துக்கும் மேல ஏறி உக்காந்திருக்கே."

வெளியே போய் ஒரு பூவைப் பறித்து வந்து மேஜையில் வைத்தார். ஐந்து இதழ்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு விளிம்பு பக்கத்து இதழின் மேலே, மறு விளிம்பு மறுபக்கத்து இதழின் கீழே. முழுக்க மேலே இருக்கிற இதழும் இல்லை, முழுக்கக் கீழே இருக்கிறதும் இல்லை. திருகு இதழமைவு என்று நாங்கள் நடத்துவது இதைத்தான். அதோடு அவர் விடவில்லை. சில நாள் கழித்து இரண்டு பூக்களோடு வந்தார். ஒன்றில் இதழ்கள் வலப்பக்கமாகத் திருகியிருந்தன, மற்றதில் இடப்பக்கமாக. இரண்டும் ஒரே செடியில் பறித்தவை. "இதுக்கு என்ன டீச்சர் காரணம்?" என்றார். நான் படித்த எந்தப் பாடப்புத்தகத்திலும் இது இல்லை. கல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் இருந்த டி.ஏ.டேவிஸ் என்ற தாவரவியலாளர் செம்பருத்திக் குடும்பத்துப் பூக்களின் வல, இடத் திருகலை ஆராய்ந்து 1960களிலேயே எழுதியிருக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது. அந்தக் கட்டுரைகளைப் படிக்காமலே பிரஷ் பிடிக்கிற ஒருவர் அதே இடத்துக்கு வந்து நின்றிருக்கிறார்.

அதன்பின் என் வகுப்பில் பிள்ளைகள் ஆளுக்கொரு பூ கொண்டுவந்தார்கள். படங்கள் ஒன்றுபோல ஒன்று இல்லை. ஆனால் பொதுத்தேர்வில் திருத்துகிறவருக்குப் புத்தகப் படம்தான் வேண்டும். அதனால் இரண்டு படம் பழக்கினேன், பரீட்சைக்கு ஒன்று, பூவுக்கு ஒன்று. சாருக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. அவருக்கென்ன, பொதுத்தேர்வு இல்லாத பாடம்!

சித்தன்னவாசலுக்குச் சுற்றுலா போனபோதும் இப்படித்தான். சமணர் காலம், பாண்டியர் காலம் என்று வரலாற்று ஆசிரியர் விளக்கிக்கொண்டிருந்தார். இவர் பிள்ளைகளை மேல்விதானத்து ஓவியத்தைப் பார்க்கவைத்து, அந்தத் தாமரைக் குளத்தில் மீன் எங்கே, யானை எங்கே, மொட்டு எது, பாதி விரிந்தது எது என்று தேடவிட்டார். அடுத்த பஸ்ஸில் வந்தவர்கள் வெளியே காத்து நின்று திட்டினார்கள்.

அவர் 2011-இல் ஓய்வு பெற்றார். பிரிவுபசார விழாவுக்குப் போர்டு எழுத வேறு ஆள் இல்லை. கலர் சாக்பீஸில் தன் பெயரைத் தானே எழுதி, கீழே 'வாழ்த்தி வழியனுப்பும் ஆசிரியர்கள்' என்றும் எழுதிவிட்டு, "பேர் மட்டும் சின்னதா போட்டிருக்கேன், தற்பெருமைன்னு சொல்லிடக் கூடாது பாருங்க" என்றார். எல்லோரும் சிரித்தோம். எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது.

அவர் இடத்துக்கு நிரந்தரமாக யாரும் வரவில்லை. 2012-இல் ஓவியம், உடற்கல்வி, தையல் போன்ற பாடங்களுக்குத் தமிழ்நாடு அரசு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தது. அப்போது மாதம் 5,000 ரூபாய், வாரத்துக்கு மூன்று அரை நாள். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் சென்னையில் பல முறை போராடியிருக்கிறார்கள். எங்களுக்கு வந்தவர் நன்றாக வரைகிற பெண். அவரும் கும்பகோணம் கல்லூரிதான். மூன்று அரை நாளில் ஆண்டுவிழா எழுத்து வெட்டவே நேரம் சரியாக இருக்கிறது. அதனால் வாரத்தில் என்னுடைய உயிரியல் பீரியட் ஒன்றை அவருக்குக் கொடுத்துவிட்டேன். செம்பருத்தி, ஊமத்தை, எருக்கு என்று கையில் கிடைத்ததை வரையவைக்கிறார். சிலபஸ் ஏன் முடியவில்லை என்று ஹெச்.எம். ஒருமுறை கேட்டார். இதுவும் சிலபஸ்தான் சார் என்று சொல்லியிருக்கிறேன்.